நம் ஊர் வழியில் வந்த கணித மேதை
(கணிதமேதை சீனிவாச இராமானுஜன் அவர்களின் வாழ்க்கை வரலாறு)

 

இவ்வாண்டறிக்கையின் முன்பக்கங்களில் நம் ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்திருப்பீர்கள். கணக்கில் ஒரு ரூபாய் பிசகினாலும் எழுந்து நின்று விளக்கம் கேட்பது ஜமாஅத்தார்களின் உரிமை. கணக்கு பற்றிய அக்கறை நிறைந்த இம்மலரில், கணக்கையே வாழ்வாகக் கொண்ட ஒருவரின் வரலாற்றை எழுத விழைகிறேன். அவர் நம் சமயத்தைச் சார்ந்தவர் அல்லர். ஆசாரம் மிக்க வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயினும் அவருடைய வாழ்வின் திருப்புமுனை நம் காணைக்கு அருகே நிகழ்ந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் தேர்வு முடிவு வெளியான மறுநாள், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தந்தையார் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கணக்கில் மட்டும் அந்தப் பையன் நிறைந்த மதிப்பெண் பெற்றிருந்தான். வேறு இரண்டு பாடங்களில் தவறியிருந்தான். இனி இவனைப் படிக்க வைத்துப் பயனுண்டா என்று தந்தையார் கேட்டார். நான் மதிப்பெண் தாளைப் பார்த்தேன். பையனை ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஏதாவதொரு கடையில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவனும் கடைக்குப் போய்விட்டான். இராமானுஜன் அவர்களின் வரலாற்றைப் படித்த பிறகே, அன்று நான் செய்தது எத்தகைய அவசரம் என்பது எனக்கு விளங்கியது.

கும்பகோணத்துச் சிறுவன்

இராமானுஜன் அவர்கள் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டியார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்ததும் படித்ததும் கும்பகோணத்தில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா, தாயார் கோமளத்தம்மாள். வருமானம் குறைந்த குடும்பம். பள்ளியில் அவர் பரிசுகள் பல பெற்ற நன்மாணவராகவே விளங்கினார்.

பதினாறு வயதளவில் கார் என்பவர் தொகுத்த கணிதச் சூத்திரத் தொகுப்பு நூலொன்று அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் நிரம்பிய அந்நூலில் விளக்கங்கள் மிகக் குறைவு. அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கிய இராமானுஜன், பிறகு நூலில் இல்லாதவற்றையும் கண்டறிந்து தம் நோட்டுப் புத்தகங்களில் எழுதலானார்.

அதன்பின் வேறு பாடங்கள் அவருக்குக் கசந்தன. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தவர், கணிதம் தவிர மற்றவற்றைப் புறக்கணித்ததால் அத்தொகையை இழந்தார். 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குப் போய்விட்டார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றார். அன்றைய எப்.ஏ. தேர்வில் அங்கும் தேறவில்லை. கல்லூரி வாசல் மூடிக்கொண்டது. 1909ஆம் ஆண்டு ஜூலையில் அவருக்கும் சிறுமியாயிருந்த ஜானகி அம்மாளுக்கும் திருமணம் நடந்தது. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. குடும்பப் பொறுப்பு மட்டும் வந்து சேர்ந்தது.

திருக்கோவிலூரில் நிகழ்ந்தது

1910ஆம் ஆண்டு அவர் வேலை தேடிப் புறப்பட்டார். விழுப்புரம் வந்து, அங்கிருந்து மேற்கே திருக்கோவிலூர் சென்றார். விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூருக்குச் சாலை வழியே போகிறவர் நம் காணையைக் கடந்தே போகவேண்டும். இருப்புப் பாதையும் அருகிலுள்ள மாம்பழப்பட்டு வழியாகவே செல்கிறது. கையில் நோட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, நெஞ்சில் கவலையைச் சுமந்துகொண்டு, இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் நாம் அன்றாடம் பார்க்கும் இவ்வயல்வெளிகளுக்கிடையே சென்றிருக்கிறார்.

இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருக்கோவிலூர் அன்று தென்னாற்காடு மாவட்டத்தைச் சார்ந்தது. அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவரே. தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை தரவேண்டும் என்பதே இராமானுஜன் அவரிடம் வைத்த வேண்டுகோள். கல்வித் தகுதியைப் பார்த்திருந்தால் தேர்வில் தவறியவர் என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். இரங்கி வேலை கொடுத்திருந்தால் அந்த இளைஞர் நில வரிக் கணக்கு எழுதியே முதுமை அடைந்திருப்பார்.

இராமசாமி ஐயர் அந்த நோட்டுப் புத்தகங்களைத் திறந்து பார்த்தார். அவற்றில் இருந்தவை அவரை வியப்பில் ஆழ்த்தின. இத்தகைய ஆற்றலை ஒரு தாலுகா அலுவலகத்தில் அடைத்துவைக்க அவருக்கு மனம் வரவில்லை. எனவே வேலை தரவில்லை. ஆனால் வெறுங்கையுடனும் அனுப்பவில்லை. சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அக்கடிதத்தின் வழியே தொடங்கிய அறிமுகங்கள், நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவ் வரை அவரைக் கொண்டு சேர்த்தன. ராவ் அவர்கள் மாதந்தோறும் பண உதவி செய்தார். 1911இல் இராமானுஜனின் முதல் கட்டுரை கணிதக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று.

1912 மார்ச் முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவானார். காகிதம் வாங்கக் காசு போதாமையால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துவைப்பது அவர் வழக்கம். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். அதற்கு முன் எழுதிய இரு ஆங்கிலேய அறிஞர்களிடமிருந்து உதவி கிட்டவில்லை. ஹார்டி, தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அக்கடிதத்தைப் படித்து ஆராய்ந்து, எழுதியவர் ஒரு மேதை என்று உணர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச் 17இல் இராமானுஜன் சென்னையில் கப்பலேறினார்.

பங்கிட்டுக் கொடுக்கும் எண்கள்

இங்கிலாந்தில் அவர் செய்த பெரும் ஆய்வுகளில் ஒன்றை நம்மால் எளிதாகப் புரிந்துகொள்ள முடியும். ஏனெனில் அது பங்கு பிரிப்பதோடு தொடர்புடையது.

மதரஸாவில் ஃபராயிள் எனப்படும் வாரிசுரிமைக் கலையைக் கற்றவர்கள் 24 என்னும் எண்ணை மறக்கமாட்டார்கள். ஒருவர் மனைவியையும் தாயையும் ஒரு மகனையும் விட்டு இறந்தால், சொத்தை 24 பங்காக்குகிறோம். மனைவிக்கு எட்டில் ஒன்றாகிய 3, தாய்க்கு ஆறில் ஒன்றாகிய 4, எஞ்சிய 17 மகனுக்கு. உடைபடாமல் பங்கு வருகிறது. இக்கலையில் கணக்குத் தொடங்கும் அடிப்படை எண்கள் ஏழு: 2, 3, 4, 6, 8, 12, 24. ஊன்றிப் பார்த்தால், 24ஐ மீதியின்றி வகுக்கும் எண்களில் ஒன்றை நீக்கினால் எஞ்சுபவை இவ்வேழுமே. அல்-குவாரிஸ்மீ அவர்கள் தம் அல்ஜீப்ரா நூலில் பெரும்பகுதியை வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார்கள் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை அதன் வகுத்திகள் என்கிறோம். 23ஐ எடுத்துக்கொண்டால் 1, 23 என இரண்டே வகுத்திகள். இத்தகையவை பகா எண்கள். எவரோடும் பங்கிட்டுக்கொள்ளாத எண்கள். அதற்கடுத்த 24க்கு எட்டு வகுத்திகள் உள்ளன. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் எட்டு வகுத்திகள் இல்லை. இவ்வாறு தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் வகுத்திகளின் எண்ணிக்கையில் விஞ்சும் எண்ணுக்கு உயர் பகு எண் என்று பெயர். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று இவ்வரிசை செல்கிறது. ஒரு டஜனுக்கு 12, ஒரு நாளுக்கு 24 மணி, ஒரு மணிக்கு 60 நிமிடம், ஒரு வட்டத்திற்கு 360 பாகை என்று மனிதன் தேர்ந்துகொண்ட எண்கள் யாவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. பங்கிட எளிதாயிருப்பவற்றை உலகம் அனுபவத்தால் அறிந்து பயன்படுத்தி வந்தது. அவை எவ்விதிக்குக் கட்டுப்பட்டு அமைகின்றன என்பதை ஆராய்ந்து விரிவான நூலாகவே எழுதியவர் இராமானுஜன்.

அவர் அமைத்த அட்டவணையின் கடைசி எண் 67,46,32,83,88,800. அதாவது ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்து எட்டாயிரத்து எண்ணூறு. இதற்கு 10,080 வகுத்திகள் உள்ளன. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் கிடையா.

ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து இதனைக் கண்டுபிடிக்க ஓர் ஆயுள் போதாது. வழி வேறு. 12 என்பது 2, 2, 3 ஆகிய பகா எண்களின் பெருக்கம். வகுத்தி ஒன்றை உருவாக்க, 2ஐ ஒருமுறையும் எடுக்காமலோ, ஒருமுறையோ, இருமுறையோ எடுக்கலாம். இது மூன்று வழி. 3ஐ எடுக்கலாம், விடலாம். இது இரண்டு வழி. மூன்றை இரண்டால் பெருக்க ஆறு. 12இன் வகுத்திகளும் ஆறே. அந்தப் பெரிய எண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5, 7 ஆகியவை இருமுறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒருமுறையும் அமைந்துள்ளன. ஒவ்வொரு முறைக்கும் ஒன்றைக் கூட்டி, 7, 5, 3, 3, பின் ஐந்து முறை 2 என்று பெருக்கினால் 10,080 வருகிறது. ஐயமுள்ளோர் ஒரு தாளில் பெருக்கிப் பார்க்கலாம்.

இதில் ஓர் ஒழுங்கைக் காணலாம். சிறிய பகா எண் அதிகமாகவும், பெரியது குறைவாகவும் வருகிறது. இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடவில்லை. பெரிய பகா எண் அதிகமாக வந்திருந்தால், அதனைச் சிறியதோடு இடம் மாற்றி, வகுத்திகள் குறையாமலேயே வேறொரு சிறிய எண்ணை ஆக்கிவிடலாம்; அப்போது முதலாவது எண் தன் தகுதியை இழக்கும். ஒவ்வோர் உயர் பகு எண்ணிலும் கடைசிப் பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும் என்பதும், 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே அதற்கு விலக்கு என்பதும் அவர் நிறுவியவை.

1915இல் இவ்வாய்வை இலண்டன் கணிதக் கழகம் வெளியிட்டது. போர்க்காலப் பணமுடையால் கட்டுரை முழுவதையும் அச்சிட அதனால் இயலவில்லை. எஞ்சிய பகுதி 1997இல்தான் வெளிவந்தது. இவ்வாய்வுக்காகவே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது. இங்கே எப்.ஏ. தேறாதவருக்கு அங்கே இவ்வெண்கள் பட்டம் பெற்றுத் தந்தன.

விடுபட்ட ஓர் எண்

அட்டவணையில் இராமானுஜன் கொடுத்த எண்கள் 102. கணக்கிடும் பொறி இல்லாத காலத்தில், கையால் கணக்கிட்டு அவர் தொகுத்தவை. பிற்கால அறிஞர்கள் அவற்றைச் சரிபார்த்தபோது ஓர் எண் விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். அது 2,93,31,86,25,600, வகுத்திகள் 5,040. இதில் வியப்பான செய்தி யாதெனில், விடுபட்ட இவ்வெண்ணை 23ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண் வந்துவிடும். கடைசி எண்ணை எழுதிய கை, அதற்குள்ளேயே அடங்கியிருந்த ஓர் எண்ணைத் தவறவிட்டிருக்கிறது.

இதனால் அவருடைய மேதைமை ஒரு சிறிதும் குறையவில்லை. அவருடைய விதிகள் சரியாக இருந்தமையால்தான் விடுபட்டதைப் பிறரால் கண்டுபிடிக்க முடிந்தது. எத்துணைப் பெரியவரின் கணக்காயினும் மற்றொருவர் சரிபார்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதையே ஆகும். வரவு செலவுக் கணக்கைப் பொறுப்பாளர்கள் உங்கள் முன் வைப்பதும் இந்நோக்கத்தில்தான்.

இறுதி நாட்கள்

போர்க்கால இங்கிலாந்தின் குளிரும், சைவ உணவு கிடைப்பதிலிருந்த தட்டுப்பாடும் அவர் உடலை வாட்டின. அயல்நாட்டில் நம் பிள்ளைகள் ஹலாலான உணவுக்கு அலைவதைக் கேட்டிருக்கிற நமக்கு அத்துன்பம் விளங்கும். 1917இல் கடுமையாக நோயுற்றார். நோயிலும் பெருமைகள் வந்து சேர்ந்தன: 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது, அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியும் ஆய்வறிஞர் பதவி அளித்தது.

பட்னி என்னுமிடத்தில் சிகிச்சை பெற்று வந்தபோது ஹார்டி அவரைப் பார்க்கச் சென்றார். தாம் வந்த டாக்சியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் ஹார்டி சொல்ல, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்று படுக்கையிலிருந்தவாறே இராமானுஜன் விளக்கினார். 1இன் கனமும் 12இன் கனமும் சேர்ந்தாலும் 1729. 9இன் கனமும் 10இன் கனமும் சேர்ந்தாலும் 1729. வகுத்திகளைக் கொண்டு அளந்தால் 1729 எளிய எண். அதற்கு எட்டு வகுத்திகளே. நம் 24க்கும் எட்டுதான். ஓர் அளவுகோலில் சிறப்பின்றித் தோன்றும் எண், வேறோர் அளவுகோலில் ஒப்பற்றதாக விளங்குகிறது. எண்ணுக்கே இந்நிலை என்றால், ஒரே ஒரு மதிப்பெண் தாளைக் கொண்டு ஒரு பிள்ளையை எப்படி அளந்து முடிப்பது?

1919 மார்ச்சில் அவர் தாயகம் திரும்பினார். நோய் தணியவில்லை. 1920ஆம் ஆண்டு தொடக்கத்திலும் புதிய கண்டுபிடிப்புகளை ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 32. மனைவி ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து வாழ்ந்து, 1994இல் மறைந்தார். இராமானுஜன் கடைசி நாட்களில் எழுதிய தாள்கள் 1976இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, இன்றளவும் ஆராயப்பட்டு வருகின்றன. அவர் பிறந்த டிசம்பர் 22ஆம் நாளை 2012 முதல் நம் நாடு தேசியக் கணித நாளாகக் கடைப்பிடிக்கிறது.

நமக்குள்ள பொறுப்பு

இராமானுஜனைப் போன்ற அறிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் இராமசாமி ஐயர் செய்ததை நம்மில் எவரும் செய்யலாம். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்க்கச் சிறிது நேரம் போதும். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் அனுப்ப ஒரு கடிதம் போதும். வேலை கேட்டு வந்தவருக்கு வேலை தருவதே எளிய வழி. அவர் அவ்வழியை விட்டுச் சிரமமான வழியைத் தேர்ந்தார்.

கடைக்கு அனுப்பிய அந்தப் பையனை அண்மையில் சந்தித்தேன். இப்போது அவன் இளைஞன். கடையின் கணக்கு முழுவதும் அவன் பொறுப்பில்தான் இருக்கிறது. இக்கட்டுரைக்காக அந்தப் பெரிய எண்ணின் வகுத்திகளை அவனிடம் கணக்கிடச் சொன்னேன். விதியை ஒருமுறை சொன்னதும், கல்லாவுக்கருகே நின்றபடியே பில் தாளின் பின்புறத்தில் 10,080 என்று எழுதிக் காட்டினான். தவறிய இரு பாடங்களையும் மீண்டும் எழுத மனமுண்டா என்று, அன்று கேட்காமல் விட்ட கேள்வியை இன்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, விண்ணப்பம் எப்போது கொடுக்க வேண்டும் என்று விசாரித்தான். அதற்கான கட்டணத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். அவனுக்குப் பாடம் சொல்லித்தரக்கூடிய ஆசிரியர்கள் நம் ஜமாஅத்தில் இருக்கிறார்கள்; அவர்கள் இஷா தொழுகைக்குப் பின் என்னைச் சந்திக்குமாறு அன்புடன் வேண்டிக்கொள்கிறேன்.

நம் பிள்ளைகளின் ஆற்றலை உரிய காலத்தில் அறிந்து வளர்க்கும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.